தூய சட்டக் கோட்பாடு கண்ட ஹான்ஸ் கெல்சன்

சட்டத்தை இயற்றுவது அரசியல். அரசியலை வரம்பில் நிறுத்துவது சட்டம். இவ்விரண்டிற்கும் உள்ள உறவை வாழ்நாள் முழுதும் ஆராய்ந்த பேரறிஞர் ஹான்ஸ் கெல்சன் ஆவார். அவ்வுறவின் கடுமையைத் தம் வாழ்விலேயே பட்டறிந்தவரும் அவரே.

கெல்சன் 1881ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 11ஆம் நாள் பிராக் நகரில் யூதக் குடும்பமொன்றில் பிறந்தார். வியன்னாவில் வளர்ந்து, அங்கேயே சட்டம் பயின்றார். கவிஞர் தாந்தேயின் அரசுக் கோட்பாடு பற்றிய அவருடைய முதல் நூல் 1905இல் வெளிவந்தது. முதல் உலகப் போரின்போது போர் அமைச்சரின் சட்ட ஆலோசகராக விளங்கினார்.

1918இல் ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசு வீழ்ந்தது. புதிய குடியரசின் தலைமையை ஏற்ற கார்ல் ரென்னர், அரசியலமைப்பை வரையும் பணியில் கெல்சனை ஈடுபடுத்தினார். 1920இல் நிறைவேறிய அவ்வரசியலமைப்பு, நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தையும் செல்லாததாக்கும் அதிகாரத்தைத் தனியொரு நீதிமன்றத்திற்கு வழங்கியது. பின்னாளில் ஐரோப்பிய நாடுகள் பலவும் இம்முறையைத் தழுவின. அந்நீதிமன்றத்தின் நடுவர்களுள் ஒருவராகக் கெல்சனும் அமர்ந்தார்.

அந்நாளைய ஆஸ்திரியாவில் கத்தோலிக்கர், துணைவர் உயிரோடிருக்க மறுமணம் செய்ய இயலாது. ஆயினும் ஆட்சித்துறையினர் பலருக்குத் தனி விலக்களித்து மறுமணத்திற்கு இசைவு தந்தனர். உரிமையியல் நீதிமன்றங்களோ அம்மணங்களைச் செல்லாதவை என்றன. அரசின் ஓருறுப்பு அளித்ததை மற்றோர் உறுப்பு அழிப்பது அரசின் மதிப்பையே குலைக்கும் என்று கெல்சன் கருதினார். ஆட்சித்துறையின் ஆணையைச் செல்லாததாக்க அந்நீதிமன்றங்களுக்கு அதிகாரமில்லை என அரசியலமைப்பு நீதிமன்றம் 1927இல் முடிவு செய்தது. கெல்சன் மீது வசைமாரி பொழிந்தது. 1929இல் அரசியலமைப்பு திருத்தப்பெற்றது. அதன்வழி நீதிமன்றம் மாற்றியமைக்கப்பட, 1930இல் அவர் பதவி பறிபோயிற்று. கட்சியொன்று தன் சார்பில் மீண்டும் நடுவராக்க முன்வந்தபோது அவர் அதனை ஏற்கவில்லை. கட்சியின் ஆளாக அந்த இருக்கையில் அமர அவர் விரும்பவில்லை.

ஜெர்மனியின் கொலோன் பல்கலைக்கழகத்திற்குச் சென்றார். அரசியலமைப்பின் காவலர் யார் என்னும் வினாவில் கார்ல் ஷ்மிட் குடியரசுத் தலைவரை முன்னிறுத்தினார்; 1931இல் கெல்சன் அதனை மறுத்து, நீதிமன்றத்தின் காவலை வலியுறுத்தினார். 1933இல் நாசிகள் ஆட்சிக்கு வந்ததும் கெல்சன் பணிநீக்கப்பட்டார். அவருக்காக உடன்பணியாற்றியோர் விண்ணப்பம் விடுத்தனர். அவ்வாண்டு கொலோனுக்கு வந்திருந்த ஷ்மிட் மட்டும் அதில் கையொப்பமிட மறுத்தார்.

ஜெனீவாவில் அடைக்கலம் புகுந்த கெல்சன், 1934இல் தூய சட்டக் கோட்பாட்டை நூலாக்கினார். ஒரு விதியின் செல்லுபடியை அதற்கு மேலான விதி தருகிறது. அவ்வாறே ஏறிச்சென்றால் இறுதியில் அடிப்படை நெறி எஞ்சும். அஃது எவராலும் இயற்றப்படாதது. சட்டத்தைச் சட்டமாக அறிவதற்கு நாம் கொள்ளும் கருதுகோள். கெல்சன் தூய்மை வேண்டியது சட்டத்திற்கன்று, சட்ட அறிவியலுக்கே. சட்டம் அரசியலின் விளைவு என்பதை அவர் நன்கறிவார். ஆய்வாளன் தன் அரசியல் விருப்பத்தை அறிவியலின் பெயரால் முன்வைத்தலாகாது என்பதே அவர் கொள்கை.

1936இல் பிராகில் பேராசிரியப் பணியேற்றபோது யூத எதிர்ப்பு மாணவர் அவருடைய வகுப்பைக் குலைத்தனர். 1940இல் அமெரிக்கா சென்று, பின்னர் பெர்க்லியில் நிலைபெற்றார்.

அவர் கோட்பாடும் அரசியலின் கைக்குத் தப்பவில்லை. 1958இல் பாகிஸ்தானில் அரசியலமைப்பு நீக்கப்பட்டபோது, வெற்றி பெற்ற புரட்சியே புதிய சட்டத்தின் தோற்றுவாய் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் கெல்சனைத் துணைக்கொண்டு தீர்ப்பளித்தது. சட்டவொழுங்கு மாறும் விதத்தை விளக்கிய கோட்பாடு, ஆட்சியைக் கைப்பற்றியோர்க்கு அரணாயிற்று. அத்தீர்ப்புத் தவறானது என்று 1972இல் அதே நீதிமன்றம் அறிவித்தது.

மறு ஆண்டு, 1973 ஏப்ரல் 19இல், கெல்சன் மறைந்தார். ஓர் ஆட்சியின் ஆணை சட்டம் என்று அறிதல் வேறு. அது நீதியானது என்று ஏற்றல் வேறு. இவ்வேறுபாட்டை விடாது காத்தமையே அவர் சட்ட உலகிற்கு விட்டுச்சென்ற செல்வம்.