கோப்பையில்லாத பத்து வருஷம்

பில் ஷாங்க்லின்னா எல்லோரும் லிவர்பூல் என்பார்கள். எனக்கு அதற்கு முந்தைய பத்து வருஷம்தான் பெரிசு. 1913-ல் ஸ்காட்லாந்தின் கிளென்பக் என்ற சுரங்கக் கிராமத்தில் பிறந்தவர். பிரஸ்டன் அணியில் ஆடி 1938-ல் எஃப்.ஏ. கோப்பை வென்றார். 1949-ல் மூன்றாம் டிவிஷன் கார்லைலுக்கு மேனேஜர். அப்புறம் கிரிம்ஸ்பி, வொர்க்கிங்டன், ஹடர்ஸ்ஃபீல்ட். பணத்தட்டுப்பாடுதான் மிச்சம், ஒரு கோப்பைகூட இல்லை. ஆனாலும் மனுஷன் சளைக்கவில்லை. 1956-ல் 16 வயதுப் பையன் டெனிஸ் லாவை நம்பிக் களமிறக்கினார். 1959-ல் அழைத்த லிவர்பூலும் இரண்டாம் டிவிஷன்தான்! 1974-ல் விலகுவதற்குள் மூன்று லீக் பட்டங்கள். 1981-ல் மறைந்தார்.

நண்பர்களே, நம்மிலும் பலர் சின்ன ஊர்களில் பேர் தெரியாமல் உழைக்கிறோம். பட்டம் வராமலே போகலாம். ஒரு லாவையாவது வளர்த்துவிட்டுப் போவோமே!