பாரெட்ஸ் ஈசோஃபேகஸ்: தன் பெயரில் உள்ள நோயையே முதலில் தவறாகக் கணித்த டாக்டர்! யார் இந்த நார்மன் பாரெட்?

நெஞ்செரிச்சல் வந்தா ஒரு மாத்திரை, இல்லைன்னா ஒரு டம்ளர் மோர். பலருக்கும் விஷயம் அதோடு முடிந்துவிடும். ஆனால் பல வருஷமாக நெஞ்செரிச்சல் உள்ள சிலருக்கு, எண்டோஸ்கோப்பி ரிப்போர்ட்டில் 'பாரெட்ஸ் ஈசோஃபேகஸ்' என்று எழுதியிருக்கும். புதுச்சேரியில் எடுத்தாலும் லண்டனில் எடுத்தாலும் இதே பெயர்தான். யார் இந்த பாரெட்?

அடிலெய்டு டு லண்டன்

நார்மன் பாரெட் 1903-ல் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் பிறந்தவர். சிறுவயதிலேயே இங்கிலாந்து போய்விட்டார். கேம்பிரிட்ஜில் படித்து, லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் டாக்டரானார். வயிறு, குடல் அறுவை சிகிச்சையில் மேற்பயிற்சி பெற 1935-ல் அமெரிக்கா சென்றவர், அங்கே நெஞ்சு அறுவை சிகிச்சை பக்கம் திரும்பினார்.

அந்தக் காலத்தில் உணவுக்குழாய் தானாகக் கிழிந்தால், கிட்டத்தட்ட மரணம் உறுதி. 1947-ல் அப்படிக் கிழிந்த குழாயைத் தைத்து நோயாளியைப் பிழைக்க வைத்தார் பாரெட். அதற்கு முந்தைய ஆண்டு தொடங்கிய 'தோராக்ஸ்' மருத்துவ இதழுக்கும் அவர்தான் ஆசிரியர்.

எங்கே தவறினார்?

உணவுக்குழாயின் உட்சுவர் வெளிறிய நிறத்தில் இருக்கும். சிலருக்கு அதன் கீழ்ப்பகுதி, இரைப்பையின் உட்சுவர் போலச் சிவந்து இருந்தது. இது உணவுக்குழாயே கிடையாது, நெஞ்சுக்குள் மேலே இழுக்கப்பட்ட இரைப்பை என்று 1950-ல் எழுதினார் பாரெட்.

1953-ல் பிலிப் அலிசன், ஆலன் ஜான்ஸ்டோன் என்ற இருவர் இதை மறுத்தார்கள். அது உணவுக்குழாய்தான், உட்சுவர்தான் வேறு மாதிரி இருக்கிறது என்றார்கள். இந்தக் கட்டுரை வெளியானது பாரெட் ஆசிரியராக இருந்த அதே தோராக்ஸில்! அங்கே வரும் புண்ணுக்கு பாரெட்டின் பெயரைச் சூட்டியதும் அவர்கள்தான்.

1957-ல் பாரெட் தன் கருத்தை மாற்றிக்கொண்டு, அது உணவுக்குழாய்தான் என்று ஏற்றார். ஆனாலும் இது பெரும்பாலும் பிறவியிலேயே வருவது என்று நினைத்தார். மேலே ஏறிவரும் இரைப்பை அமிலம்தான் முக்கியக் காரணம் என்பது பின்னாளில்தான் உறுதியானது.

இன்று எப்படிப் பார்க்கிறார்கள்?

பாரெட் குழம்பிய அதே கேள்விதான் இன்றைக்கும் முதல் படி: இரைப்பை எங்கே முடிகிறது, உணவுக்குழாய் எங்கே தொடங்குகிறது?

- இரைப்பை மடிப்புகள் முடியும் இடத்தை எல்லையாக வைத்து, சிவந்த பகுதி மேலே எத்தனை சென்டிமீட்டர் போகிறது என்று அளப்பார்கள். 'பிராக்' அளவுமுறை என்று இதற்குப் பெயர்.
- ஹெச்.டி கேமராவில் நிதானமாகப் பார்ப்பார்கள். விசேஷ நிற ஒளியோ, வினிகரில் இருக்கும் அசிட்டிக் அமிலத்தை நீர்த்துத் தெளிப்பதோ, சந்தேகமான இடத்தைக் காட்டிக்கொடுக்கும்.
- சந்தேகமான இடத்தில் முதலில் சதைத் துணுக்கு எடுப்பார்கள். பிறகு 2 செ.மீ-க்கு ஒருமுறை, நாலு பக்கமும் எடுப்பார்கள். இதுதான் பயாப்ஸி.
- செல்களில் 'டிஸ்பிளாசியா', அதாவது புற்றுநோய்க்கு முந்தைய மாற்றம் தெரிந்தால், இன்னொரு நிபுணரும் பார்த்து உறுதி செய்ய வேண்டும்.

இவ்வளவு கவனம் ஏன்? இந்தக் கட்டத்தில் கண்டுபிடித்தால், எண்டோஸ்கோப்பி வழியாகவே அந்தப் பகுதியை வெட்டியெடுக்கலாம், வெப்பத்தால் அழிக்கலாம். விட்டுவிட்டு, புற்றுநோய் ஆழமாக இறங்கினால் உணவுக்குழாயையே அகற்றும் பெரிய ஆபரேஷன் தேவைப்படலாம்.

பயப்படவும் வேண்டாம். டிஸ்பிளாசியா இல்லாதவர்களில் புற்றுநோயாக மாறுவது ஆண்டுக்கு 100-ல் ஒருவருக்கும் குறைவுதான்.

யார் டெஸ்ட் எடுக்கணும்?

பல வருஷ நெஞ்செரிச்சலோடு 50 வயது தாண்டிய ஆண்கள், உடல் பருமன், புகைப்பழக்கம் உள்ளவர்கள் டாக்டரிடம் கேட்பது நல்லது. விழுங்கும்போது அடைப்பது, காரணமின்றி எடை குறைவது, ரத்த வாந்தி, கறுப்பு மலம் இருந்தால் தள்ளிப்போடவே கூடாது. புதுச்சேரியில், 1823-ல் பிரெஞ்சுக்காரர்கள் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வழிவந்த ஜிப்மரில் இரைப்பை, குடல் நோய்களுக்கென்றே தனித்துறை இருக்கிறது.

பாரெட் 1979-ல் மறைந்தார். கீழ்ப்பகுதி செல்களின் வடிவத்தை வைத்து இந்நோய்க்கு அவரே வேறொரு நீளமான பெயர் சொன்னார். அது எடுபடவில்லை. உலகம் அவர் பெயரையே வைத்துக்கொண்டது.