ஆசிரியர்களுக்கே கையேடு எழுதிய மாணவர்! யார் இந்த வீரமாமுனிவர்?

மொபைலில் ‘எரி’ என்று டைப் பண்ணுகிறீர்கள். முதல் எழுத்தை நெடிலாக்கினால் ‘ஏரி’. குழப்பமே இல்லை. ஆனால் 300 வருஷத்துக்கு முன்னால் ஓலைச்சுவடியில் இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும். குறில் என்று காட்ட எழுத்தின் மேல் புள்ளி வைக்க வேண்டும். ஓலை கிழிந்துவிடும் என்று பலரும் அந்தப் புள்ளியை விட்டுவிடுவார்கள். படிப்பவர்தான் இடம் பார்த்துப் புரிந்துகொள்ளணும். இந்தச் சிக்கலுக்குத் தீர்வு சொன்னவர், முப்பது வயதுக்கு மேல் தமிழ் கற்ற ஒரு இத்தாலியர். குறிலுக்குப் புள்ளி வேண்டாம், நெடிலின் வடிவத்தை மாற்றிக்கொள்ளலாம் என்றார். ஏ, ஓ இன்றைய வடிவத்துக்கு வந்தது அப்படித்தான்.

யார் இவர்?

இயற்பெயர் கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி. 1680-ல் இத்தாலியின் காஸ்திலியோனே நகரில் பிறந்தவர். இயேசு சபைத் துறவியாகி 1710-ல் கோவா வந்து, அங்கிருந்து தமிழகம் வந்தார். முதலில் தைரியநாதர் என்று பெயர் வைத்துக்கொண்டார். பிறகு வீரமாமுனிவர் ஆனார்.

சங்கரன்கோவில் பக்கம் என்ன நடந்தது?

ராயகிரி, சங்கரன்கோவில் வட்டாரத்துக்காரர்களுக்கு இவர் வெறும் பாடப்புத்தகப் பெயர் இல்லை. கோவில்பட்டி அருகே உள்ள காமநாயக்கன்பட்டிதான் இவர் ஆரம்பத்தில் பணியாற்றிய ஊர். சங்கரன்கோவில் பகுதியில் உள்ள குருக்கள்பட்டியில் 1715 வாக்கில் எதிர்ப்பு கிளம்பி, மரண தண்டனை வரை போய் உயிர் தப்பினார். ஊரை விட்டுக் கிளம்பியிருக்கலாம். கிளம்பவில்லை. அடுத்த 30 வருஷமும் தமிழ் மண்ணிலேயே கழிந்தது.

டீச்சர்களுக்கு என்ன எழுதினார்?

அன்று கத்தோலிக்கப் பள்ளிகள் இன்றைய வடிவில் கிடையாது. ஊர் ஊராகப் போய் மறைக்கல்வி சொல்லித் தந்தவர்கள் வேதியர்கள், அதாவது உபதேசியார்கள். குருவானவர் எப்போதாவதுதான் வருவார். மற்ற நாளெல்லாம் மக்களுக்கு ஆசிரியர் இவர்தான். அவர் சறுக்கினால் சொல்லிக்கொடுத்ததும் சேர்ந்தே போய்விடும். அதனால் இவர்களுக்காகவே ‘வேதியர் ஒழுக்கம்’ என்ற நூலை எழுதினார். என்ன சொல்லித் தரணும் என்பதோடு, சொல்லித் தருபவர் எப்படி வாழணும் என்பதும் அதில் முக்கியம்.

இதற்கு நேர் எதிர் உதாரணம் ‘பரமார்த்த குருவின் கதை’. மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் என ஐந்து சீடர்கள். பூசணிக்காயைக் குதிரை முட்டை என்று நம்பி வாங்கி வருகிறார்கள். குருவும் அதை நம்புகிறார். சிரிக்க வைக்கிற கதைதான். ஆனால் யோசிக்கத் தெரியாத குருவிடம் படித்தால் சீடர்களும் அப்படியே ஆவார்கள் என்பது சொல்லாமலே புரிந்துவிடும். பேச்சுத் தமிழ் பழகும் வெளிநாட்டவருக்குப் பயிற்சிப் பாடமாகவும் இது பயன்பட்டது. 1822-ல் லண்டனில் அச்சானது.

அகராதி ஏன் பெரிய விஷயம்?

அதுவரை ஒரு சொல்லுக்குப் பொருள் வேண்டும் என்றால், செய்யுளாக இருக்கும் நிகண்டை மனப்பாடம் பண்ணியிருக்கணும். 1732-ல் இவர் தொகுத்த ‘சதுரகராதி’ சொற்களை அகர வரிசையில் அடுக்கியது. பெயர், பொருள், தொகை, தொடை என நான்கு பிரிவு. மனப்பாடம் செய்யாதவரும் தானே தேடிக் கண்டுபிடிக்கலாம்.

எல்லாமே மதத்துக்காகத்தானே?

அடிப்படை நோக்கம் சமயப் பணிதான், அதை அவர் மறைக்கவில்லை. தரங்கம்பாடி லுத்தரன் மிஷனரிகளோடு எழுத்திலேயே கடுமையாக மோதியவர். சூசையப்பரைத் தலைவராக வைத்து ‘தேம்பாவணி’ காப்பியம் பாடினார். அதே மனிதர்தான் திருக்குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் லத்தீனில் மொழிபெயர்த்தார். அகராதியும் எழுத்துச் சீர்திருத்தமும் எல்லா மதத்தவருக்கும் பொதுச் சொத்தாகிவிட்டன.

இன்றைய ஆசிரியருக்கு என்ன இருக்கிறது?

வீரமாமுனிவர் தமிழை எழுத்திலிருந்து படித்தவர். சுப்ரதீபக் கவிராயரிடம் பாடம் கேட்டார் என்பது மரபு. எங்கே தடுமாறுவோம் என்று கற்றுக்கொள்கிறவருக்குத்தான் தெரியும். அவர் தந்த தீர்வுகளும் அந்தத் தடுமாற்றங்களுக்குத்தான். எழுத்து குழப்பியது, வடிவத்தை மாற்றினார். நிகண்டு கஷ்டமாக இருந்தது, அகராதி செய்தார். வகுப்பில் ஒரு பிள்ளைக்குப் பாடம் புரியவில்லை என்றால், பிள்ளையைத் திட்டுவதற்கு முன் பாடத்தை மாற்றிப் பார்க்கலாம்.

1747-ல் மறைந்தார். 1968 உலகத் தமிழ் மாநாட்டின்போது சென்னை மெரினாவில் அவருக்குச் சிலை வைக்கப்பட்டது.