146 உயிர்கள், ஒரு பெண், சில சட்டங்கள்: யார் இந்த ஃபிரான்சஸ் பெர்கின்ஸ்?

1911 மார்ச் 25, சனிக்கிழமை. நியூயார்க்கில் தெரிந்தவர் வீட்டில் டீ குடித்துக்கொண்டிருந்த ஃபிரான்சஸ் பெர்கின்ஸ், தீயணைப்பு வண்டிச் சத்தம் கேட்டு வெளியே ஓடினார். பக்கத்துக் கட்டடத்தின் 8, 9, 10-வது மாடிகளில் இருந்த ட்ரையாங்கிள் ஆயத்த ஆடைத் தொழிற்சாலை எரிந்துகொண்டிருந்தது. 9-வது மாடியில் ஒரு கதவு பூட்டு. தீயணைப்பு ஏணி 6-வது மாடியோடு சரி. பெண்கள் ஜன்னலில் இருந்து குதிப்பதை அவர் கண்ணெதிரே பார்த்தார். இறந்தவர்கள் 146 பேர். முதலாளிகள்? வழக்கில் விடுதலை!

சமூக சேவகரான பெர்கின்ஸ் அதோடு விடவில்லை. விசாரணைக் கமிஷனில் இருந்த அரசியல்வாதிகளை தொழிற்சாலைகளுக்கே கூட்டிப் போனார். ராபர்ட் வாக்னர் என்ற செனட்டரை, அவசர வழி என்ற பெயரில் சுவரில் இருந்த சின்ன ஓட்டைக்குள் தவழவே வைத்துவிட்டார். வெளியே பனி உறைந்த இரும்பு ஏணி. அதுவும் தரைக்கு 12 அடி மேலேயே முடிந்துவிட்டது. அப்புறம் சட்டங்கள் வராமல் இருக்குமா?

1933-ல் அதிபர் ரூஸ்வெல்ட் தொழிலாளர் துறையைக் கொடுக்க முன்வந்தபோது, பெர்கின்ஸ் முதலில் நீட்டியது கோரிக்கைப் பட்டியல். ரூஸ்வெல்ட் தலையாட்டிய பிறகே பதவியேற்றார். அமெரிக்க அமைச்சரவையின் முதல் பெண். 1935-ல் முதியோர் ஓய்வூதியமும் வேலையிழந்தோர் காப்பீடும், 1938-ல் குறைந்தபட்ச ஊதியமும் சட்டமாயின. பட்டியலில் இருந்த மருத்துவக் காப்பீடு மட்டும் கடைசிவரை கைகூடவில்லை.