மகளின் காதலுக்கு 5 வருஷ கண்டிஷன்! - ராஜாஜி வீட்டுக் கல்யாணக் கதை

சேலம், நாமக்கல் பக்கம் காதலிக்கிற யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். லவ் சொல்றதுகூட ஈஸி, அதை வீட்டுல சொல்றதுதான் கஷ்டம் என்பார்கள். சாதி, சொந்தக்காரங்க, ஊர்ப்பேச்சு என ஒவ்வொன்றாக வரிசையில் வந்து நிற்கும். கிட்டத்தட்ட நூறு வருஷத்துக்கு முன்னால் இதே மண்ணில் வாழ்ந்த ஓர் அப்பாவுக்கும் இந்தச் சிக்கல் வந்தது. அந்த அப்பா, ராஜாஜி. பையனோட அப்பா, மகாத்மா காந்தி!

சேலத்து வக்கீல்

ராஜாஜி என்றதும் நமக்குக் கறுப்புக் கண்ணாடியும் கவர்னர் ஜெனரல் பதவியும்தான் ஞாபகம் வரும். ஆனால், சேலத்துக்காரர்களுக்கு அவர் முதலில் ஒரு வக்கீல். 1878-ல், அப்போது சேலம் மாவட்டத்தில் இருந்த தொரப்பள்ளியில் பிறந்தவர், 1900-ல் சேலத்தில் தொழிலைத் தொடங்கினார். நல்ல வருமானம், ஊரில் மரியாதை.

அவருடைய கல்யாணம் அந்தக் கால வழக்கப்படி பெரியவர்கள் பார்த்து முடித்தது. மனைவி அலர்மேல் மங்கம்மாள், கல்யாணத்தின்போது சிறுமி. ஐந்து குழந்தைகளை விட்டுவிட்டு 1916 வாக்கில் அவர் இறந்துபோனார். ராஜாஜிக்கு அப்போது 40 வயதுகூட ஆகவில்லை. நன்றாகச் சம்பாதிக்கிற வக்கீலுக்கு இரண்டாம் கல்யாணம் என்பது அப்போது ரொம்ப சகஜம். அவர் செய்துகொள்ளவில்லை. கடைக்குட்டி லட்சுமி அம்மா இல்லாமலேயே வளர்ந்தார்.

1917-ல் சேலம் நகராட்சித் தலைவரானார் ராஜாஜி. அக்ரஹாரத்துக்குத் தண்ணீர் திறந்துவிடும் வேலையைத் தாழ்த்தப்பட்ட சமூகத்தைச் சேர்ந்த ஊழியரிடம் கொடுத்தார். அக்ரஹாரம் கொதித்தது, அவர் பின்வாங்கவில்லை. அடுத்து காந்தியின் அழைப்பு, வக்கீல் தொழிலுக்கு முழுக்கு, வேலூர்ச் சிறை.

1925-ல் திருச்செங்கோடு பக்கம் புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமத்தைத் தொடங்கினார். மழை பொய்த்த பூமி அது. கதர் நூற்றுக் கூலி வாங்கினால்தான் பல வீடுகளில் கஞ்சி. எல்லாச் சாதியினரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்ட இடம் என்பதால், ஆரம்பத்தில் அக்கம்பக்கத்து ஊர்களில் எதிர்ப்பும் இருந்தது. பங்களா வாழ்க்கையை விட்டுவிட்டு அங்கேதான் குடியேறினார் ராஜாஜி. கூடவே லட்சுமியும்.

அந்த 5 வருஷம்

காந்தியின் கடைசி மகன் தேவதாஸ். தமிழ்நாட்டுக்குப் புதியவர் இல்லை. 1918-லேயே இந்தி சொல்லிக்கொடுக்க சென்னைக்கு வந்தவர். 1927 வாக்கில் லட்சுமிக்கும் அவருக்கும் காதல் அரும்பியது. லட்சுமிக்கு 15 வயது இருக்கும், தேவதாஸுக்கு 27. பெண் தமிழ் ஐயங்கார் வீடு, பையன் குஜராத்தி பனியா வீடு. மொழி வேறு, சாதி வேறு, சாப்பாடுகூட வேறு.

இரண்டு அப்பாக்களும் சாதியைப் பற்றி ஊருக்கே பாடம் சொன்னவர்கள்தான். ஆனால், 1920-களின் தொடக்கத்தில் காந்தியே சாதிக்குள் மணம் செய்வதை ஆதரித்து எழுதியவர். இப்போது கேள்வி சொந்த வீட்டு வாசலிலேயே வந்து நின்றது.

இருவரும் சேர்ந்து ஒரு கண்டிஷன் போட்டார்கள். ஐந்து வருஷம் பார்க்கக் கூடாது, கடிதம் எழுதக் கூடாது. அதற்குப் பிறகும் மனசு மாறவில்லை என்றால் கல்யாணம்.

இன்னிக்குப் படிக்கும்போது கொடுமையாகத்தான் தெரிகிறது. வாட்ஸ்அப்பில் இரண்டு மணி நேரம் ரிப்ளை வரலைன்னாலே நமக்குப் பதறுது! ஆனால், 15 வயதுப் பெண் எடுக்கும் முடிவுக்குக் கொஞ்சம் காலம் கொடுக்க நினைத்த அப்பாக்களைக் குறை சொல்லவும் முடியவில்லை.

இதில் பலரும் கவனிக்காத ஒரு விஷயம் இருக்கிறது. பெண் வயதுக்கு வருவதற்கு முன்பே கல்யாணத்தை முடித்துவிட வேண்டும் என்பதுதான் அன்றைய பிராமணக் குடும்பங்களின் எழுதப்படாத சட்டம். பெண்ணின் திருமண வயது 14 என்று சொன்ன சாரதா சட்டமே 1929-ல்தான் வந்தது. அந்தச் சூழலில் 20 வயது தாண்டியும் மகளுக்கு வேறு இடம் பார்க்காமல் வீட்டில் வைத்திருப்பது ஒரு அப்பாவுக்குச் சின்ன விஷயமே இல்லை. காதலுக்கு ஓகே சொல்வதற்கு முன்பே, காத்திருந்த ஒவ்வொரு வருஷமும் ராஜாஜி ஊர் வழக்கத்தை மீறிக்கொண்டுதான் இருந்தார்.

அந்த இடைவெளியில் நாடே புரண்டது. 1930-ல் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு உப்பு எடுக்க நடந்து ராஜாஜி சிறைக்குப் போனார். தேவதாஸும் சிறைக்குப் போனார். காதல் அப்படியே இருந்தது.

பூனாவில் கெட்டிமேளம்

1933 ஜூன் 16. காந்தி 21 நாள் உண்ணாவிரதம் முடித்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. அவர் தங்கியிருந்த பூனாவின் பர்ணகுடி இல்லத்தில், ஆடம்பரம் இல்லாமல் கல்யாணம் நடந்தது. சொன்ன வாக்கை இரண்டு அப்பாக்களும் காப்பாற்றினார்கள்.

இந்துக்களின் சாதி மறுப்புத் திருமணங்கள் செல்லும் என நாடு முழுவதற்குமான சட்டம் வந்தது 1949-ல்தான். அதற்கு 16 வருஷம் முன்பே இந்த வீடு முடிவெடுத்துவிட்டது. தேவதாஸ் டெல்லியில் 'இந்துஸ்தான் டைம்ஸ்' ஆசிரியரானார். நான்கு குழந்தைகள். அவர்களில் ராஜ்மோகன் காந்தி பின்னாளில் இரண்டு தாத்தாக்களின் வரலாற்றையும் எழுதினார்.

ராஜாஜி எல்லாவற்றிலும் இப்படியே இருந்தார் என்று சொல்லிவிட முடியாது. முதல்வராக 1953-ல் அவர் கொண்டுவந்த கல்வித் திட்டம் 'குலக்கல்வி' என்று கடும் எதிர்ப்பைச் சந்தித்தது. 1954-ல் பதவியை விட்டு இறங்கினார். சாதி விஷயத்தில் அவரை விமர்சிக்கிறவர்களுக்குக் காரணம் இருக்கிறது. ஆனாலும், அப்பாவாக எடுத்த அந்த ஒரு முடிவில் அவர் ஊரின் பேச்சைக் கேட்கவில்லை. 1972 டிசம்பர் 25-ல், 94 வயதில் இறந்தார்.

ஆசிரமம் இருக்கும் அதே திருச்செங்கோட்டில், 2015 ஜூனில் மலைக்கோயிலுக்குத் தோழியுடன் வந்த ஓமலூர் இன்ஜினீயரிங் பட்டதாரி ஒருவர், வேறு சாதிப் பெண்ணைக் காதலிக்கிறார் என்ற சந்தேகத்திலேயே கடத்திக் கொல்லப்பட்டார். 2022-ல் 10 பேருக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. லட்சுமியின் கல்யாணத்துக்குப் பிறகு 80 வருஷம் கழித்தும் இந்த ஊரில் இப்படி நடந்திருக்கிறது.

வீட்டில் சொல்லத் தயங்கி நிற்கும் பிள்ளைகளைவிட, அதைக் கேட்கப்போகும் அப்பா, அம்மாக்களுக்குத்தான் இந்தக் கதை அதிகம் தேவை. உடனே சரி என்று சொல்ல முடியவில்லையா? பரவாயில்லை, டைம் கேளுங்கள். யோசிங்க, பேசுங்க, சண்டைகூடப் போடுங்க. ஆனால், கேட்ட டைம் முடிந்ததும் கொடுத்த வாக்கைக் காப்பாற்றுங்கள். சேலத்து வக்கீல் செய்தது அவ்வளவுதான்.