பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார்

1820-ம் ஆண்டு மே 12-ம் நாள் இத்தாலியாவில் ஆங்கிலச் செல்வக்குடியில் தோன்றிய இவ்வம்மையார், குடும்பத்தார் தடுத்தும் நோயாளரைப் பேணுந் தொண்டையே மேற்கொண்டனர். 1854-ல், கிரிமியாப் போரில் காயமுற்ற வீரரைப் பேண 38 தாதியருடன் ஸ்கூட்டாரி சென்றனர்.

மீண்டபின் தாமே நோயுற்றுப் பல்லாண்டு படுக்கையிலிருந்தமையால், காண வருவோரால் நோயாளி படுந் துன்பத்தையும் அறிந்தனர். தாதித்தொழில் பற்றி 1859-ல் இயற்றிய நூலில் அதற்கென ஓர் அதிகாரமே வகுத்தனர். உற்றார் அறைவாயிலில் நின்று குசுகுசுத்தல் கொடுமையென்றும், நோயாளி தலைதிருப்பாது காணுமிடத்தே அமர்தல் வேண்டுமென்றும், பொய்யான தேறுதலுரை அவரை வருத்துமென்றும் அந்நூல் அறிவுறுத்துகின்றது. எனினும் அன்னார் உறவினரை வெறுத்தவரல்லர். நற்செய்தியும் குழந்தைகளின் வருகையும் நோயாளிக்கு இன்பந் தருமென்று கண்டவர்.

1860-ல் இலண்டனில் தாதியர் பயிற்சிப்பள்ளி நிறுவி, 1910 ஆகஸ்டு 13-ல் மறைந்தனர். அன்பும் அளவறிந்தே நோயாளியை அணுகவேண்டுமென்பது இவர் வாழ்வு நமக்குணர்த்தும் பாடமாம்.