கணித மேதை ஹெர்மன் வைல்

ஜெர்மனி நாட்டின் வடபுறத்தில், ஹாம்பர்க் நகருக்கு அருகிலுள்ள எல்ம்ஸ்ஹார்ன் என்னும் சிற்றூரில் 1885ஆம் ஆண்டு நவம்பர் 9ஆம் நாள் ஹெர்மன் வைல் பிறந்தார். கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் கணிதப் பேராசான் டேவிட் ஹில்பர்ட்டிடம் பயின்று, 1908இல் டாக்டர் பட்டம் பெற்றார். 1913இல் சுவிட்சர்லாந்திலுள்ள சூரிச் நகரில் பேராசிரியரானார். ஐன்ஸ்டீனும் அங்கே சிலகாலம் உடன் பணிபுரிந்தார். அதே ஆண்டில் ஹெலன் என்னும் மங்கையை மணந்தார். இவ்வம்மையார் தத்துவம் கற்றவர், ஸ்பானிய நூல்களை மொழிபெயர்த்தவர், யூத குலத்தவர்.

1929இல் வைல் ஒரு சமன்பாட்டை எழுதினார். நிறையே இல்லாத ஒரு துகள் எவ்வாறு இயங்கும் என்பதை அது கூறிற்று. அத்துகள் ஓடும்போதே திருகாணிபோல் சுழலும். வலமாகச் சுழல்வது ஒரு வகை, இடமாகச் சுழல்வது மற்றொரு வகை. நம் வலக்கை கண்ணாடியில் இடக்கையாகத் தெரிகிறதல்லவா? அதுபோல் ஒன்று மற்றதன் பிம்பம். ஆனால் இயற்கை வலம், இடம் என்று பேதம் பாராட்டாது என்பதே அக்கால அறிஞர்களின் நம்பிக்கை. ஆகவே பௌலி என்னும் பேரறிஞர், இச்சமன்பாடு இயற்கைக்குப் பொருந்தாது என்று ஒதுக்கிவிட்டார்.

1930இல் ஹில்பர்ட் ஓய்வுபெற, அவருடைய பதவி வைலுக்குக் கிடைத்தது. கணிதம் கற்றவருக்கு அந்நாளில் அதைவிட உயர்ந்த இடம் ஏது? அமெரிக்காவின் பிரின்ஸ்டன் நகரிலிருந்து வந்த அழைப்பைக்கூட அவர் முதலில் மறுத்துவிட்டார். 1933இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தான். யூதர்களுக்குத் துன்பம் தொடங்கிற்று. துணைவியாரையும் இரு புதல்வர்களையும் எண்ணி, அவ்வாண்டிலேயே பதவியையும் தாய்நாட்டையும் துறந்து வைல் பிரின்ஸ்டன் சென்றார். ஹெலன் அம்மையார் 1948இல் காலமானார். வைல் தமது எழுபதாம் பிறந்தநாளுக்கு மறுமாதம், 1955 டிசம்பரில், சூரிச்சில் மறைந்தார்.

அடுத்த ஓராண்டிலேயே அச்சமன்பாட்டுக்கு வாழ்வு வந்தது! சியன்-ஷியுங் வூ என்னும் சீனப் பெண்மணி கோபால்ட் அணுக்களைக் கடுங்குளிரில் வைத்துச் சோதித்து, இயற்கை வலம் இடம் பார்க்கவே செய்கிறது என்று காட்டினார். 1957இல் நோபல் பரிசு, யோசனை கூறிய லீ, யாங் ஆகிய இரு ஆடவர்க்கே வழங்கப்பட்டது. எங்களுக்கு இது நியாயமாகப் படவில்லை. வைல் கூறிய துகள் நியூட்ரினோதான் என்று பின்னர் பலர் எண்ணினர். அதற்கும் சிறிது நிறை உண்டென்று 1998இல் தெரிந்தது.

இறுதியில் அது ஒரு படிகத்தினுள்ளே அகப்பட்டது. டான்டலமும் ஆர்சனிக்கும் சேர்ந்த படிகத்தில் எலெக்ட்ரான்கள் நிறையற்றவைபோல், வைல் எழுதியபடியே இயங்குவதை 2015இல் இரு குழுவினர் கண்டனர். ஒரு குழு பெய்ஜிங்கில் இருந்தது. மற்றது வைல் அடைக்கலம் புகுந்த அதே பிரின்ஸ்டனில்! இத்தகைய பொருள்களுக்கு வைல் அரை உலோகங்கள் என்று பெயர்.

தூய உலோகத்தைவிட உலோகக் கலவைக்கு மின்தடை அதிகம் என்று நாம் படிக்கிறோம். அதனாலன்றோ இஸ்திரிப்பெட்டியில் நிக்ரோம் கம்பி வைக்கிறார்கள். அந்நிய அணுக்கள் எலெக்ட்ரான்களின் வழியை மறித்துத் திசை திருப்புகின்றன. எந்தப் படிகமும் முற்றிலும் தூயதன்று. அப்படியானால், இவ்வளவு நுட்பமான வைல் எலெக்ட்ரான்கள் மாசு பட்டவுடன் மறைந்துபோகாவோ? போகா. வலவகையும் இடவகையும் எப்போதும் இணையாகவே இருக்கும். ஆயினும் ஒன்றைவிட்டு ஒன்று விலகியே நிற்கும். ஒன்றைமட்டும் தனியே அழிக்க வழியில்லை; இரண்டும் ஒன்றுகூடினால்தான் மறையும். சிறிதளவு மாசு அவற்றைச் சற்றே நகர்த்தும், அவ்வளவுதான். மாசும் ஒழுங்கின்மையும் மிகுந்துவிட்டாலோ, வலமும் இடமும் கலந்து, அப்படிகம் சாதாரண உலோகமாகிவிடும். எவ்வளவு மாசுவரை தாங்கும் என்பதை அறிஞர்கள் இன்றும் ஆராய்ந்து வருகிறார்கள்.